காற்றுப்பைச் சட்டை: விலைக்கு ஏற்ற காவலா?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். செலவு எதுவானாலும் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. உயிரைக் காக்கும் பொருளுக்கும் இப்படிக் கணக்குப் பார்க்கலாமா? உயிருக்கு விலை ஏது என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு குடும்பத்தின் வருமானத்திற்கு எல்லை உண்டு. நான்கு பேரைக் காக்கக்கூடிய பணத்தை ஒருவர் மேலேயே செலவிட்டால், மற்ற மூவருக்கும் காவல் இல்லாமற் போகும். ஆகவே உயிர் காக்கும் பொருளைத்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக அளந்து வாங்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் அணிவதற்கென்று காற்றுப்பை பொருத்திய சட்டை ஒன்று இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. கீழே விழுந்தால் நொடிப்பொழுதில் அது உப்பி, மெத்தைபோல் உடலைச் சூழ்ந்துகொள்ளும். அண்ணன்மார் சிலர் அதை வாங்கித் தரும்படி வீட்டில் கேட்கிறார்கள். "அதை மாட்டிக்கொண்டால் எனக்குப் பயமில்லாமல் இருக்குமா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நாம் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விடை காண முயல்வோம்.

முதலில் ஒரு விளக்கம். இதனை ஆங்கிலத்தில் 'ஏர்பேக் ஜாக்கெட்' என்கிறார்கள். ஜாக்கெட் என்றதும் புடவைக்கு அணியும் ரவிக்கை நம் நினைவுக்கு வரும்! இது சட்டைக்கு மேல் அணியும் கனத்த மேலங்கி. கையில்லாத அரைச்சட்டை வடிவிலும் கிடைக்கிறது. இக்கட்டுரையில் இதனைக் காற்றுப்பைச் சட்டை என்றே குறிப்பிடுவோம்.

தோன்றிய வரலாறு

மோட்டார் காருக்குக் காற்றுப்பை பொருத்தும் எண்ணம் பழமையானது. அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் என்பவர் 1953-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் காரில் செல்பவர் விபத்தின்போது காருக்குள்ளேயே இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் செல்பவரோ பெரும்பாலும் வண்டியை விட்டுத் தூக்கி எறியப்படுகிறார். வண்டி ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் கிடப்பதை நாம் பார்க்கிறோம் அல்லவா? ஹோண்டா நிறுவனம் 2006-இல் தன் 'கோல்டு விங்' என்னும் பெரிய மோட்டார் சைக்கிளில் காற்றுப்பையைப் பொருத்தியது. நேருக்கு நேர் மோதும் விபத்துக்கு அது உதவும். மற்ற வகை விபத்துகளில் காற்றுப்பை ஆளோடு கூடவே போக வேண்டும். அதற்கு அவர் அணியும் சட்டையே ஏற்ற இடம்.

இந்த எண்ணத்திற்கு ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த தமாஸ் ஸ்ட்ரௌப் 1976-இல் வடிவம் தந்தார். 1990-களின் பிற்பகுதியில் ஜப்பான் நாட்டின் முகென் டென்கோ நிறுவனம் 'ஹிட் ஏர்' என்ற பெயரில் இத்தகைய சட்டைகளை விற்கத் தொடங்கியது. பின்னர் இத்தாலிய நிறுவனங்கள் பந்தய வீரர்களுக்காக மின்னணு முறையில் இயங்கும் சட்டைகளைச் செய்தன. 2018-ஆம் ஆண்டு முதல் 'மோட்டோ ஜிபி' உலகப் பந்தயங்களில் காற்றுப்பை கொண்ட உடை கட்டாயமாக்கப்பட்டது.

இயங்கும் விதம்

காற்றுப்பைச் சட்டையில் இரண்டு வகைகள் உண்டு.

முதலாவது கயிற்று வகை. சட்டையிலிருந்து ஒரு வார் புறப்பட்டு வண்டியோடு இணைந்திருக்கும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படும்போது அந்த வார் இழுபட்டு, சட்டையினுள் உள்ள ஒரு பூட்டை விடுவிக்கும். உடனே ஒரு கூரிய முனை சிறு உலோகக் குப்பியைத் துளைக்கும். அதில் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும் கரியமில வாயு, அதாவது சோடாவில் பொங்கும் அதே வாயு, பைக்குள் பாயும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடியில் பை உப்பிவிடும். வண்டியை நிறுத்தி இறங்கும்போது வாரைக் கழற்ற மறந்தால் சட்டை வெடித்து உப்பிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். பூட்டு விடுபட ஒரு மூட்டையைத் தூக்கும் அளவுக்குப் பலமான இழுப்புத் தேவை. மெதுவாக இறங்குபவரை வார் பிடித்து நிறுத்தும். அவர் நினைவு வந்து கழற்றிவிடுவார்.

இரண்டாவது மின்னணு வகை. இதில் வார் கிடையாது. சட்டைக்குள் இருக்கும் நுண்ணிய உணர்கருவிகள் உடலின் அசைவையும் சாய்வையும் வேக மாற்றத்தையும் நொடிக்குப் பல நூறு முறை அளந்துகொண்டே இருக்கும். இது விபத்து என்று கணிப்பொறி முடிவு செய்த மறுகணமே வாயு பாயும். இது கயிற்று வகையைவிட விரைவானது. ஆனால் விலை மிகுதி. கைப்பேசியைப் போல இதற்கும் மின்னேற்றம் செய்ய வேண்டும். மின்னேற்ற மறந்த நாளில் இது வெறும் கனத்த சட்டைதான்.

இரு வகையிலும் பை பாதுகாப்பது மார்பு, முதுகு, கழுத்து, சிலவற்றில் தோளும் இடுப்பும்.

முட்டை சொல்லும் பாடம்

காற்றுப்பை எவ்வாறு காக்கிறது? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அம்மாவிடம் அனுமதி பெற்று இரண்டு முட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவோம். ஒன்றை இடுப்பளவு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விடுவோம். மற்றொன்றை அதே உயரத்திலிருந்து தலையணையின் மேல் விடுவோம். முதல் முட்டை உடையும், இரண்டாவது தப்பும். (உடைந்தது பைக்குள் இருப்பதால் ஆம்லெட்டுக்கு ஆகும். ஆகவே வீட்டில் வசவு விழாது.)

இரண்டும் ஒரே வேகத்தில்தான் விழுந்தன. நின்ற விதம்தான் வேறு. தரையில் விழுந்த முட்டை சட்டென்று நின்றது. தலையணையில் விழுந்தது சில அங்குலம் அமிழ்ந்து மெல்ல நின்றது. நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் கூடினால் உடலைத் தாக்கும் விசை குறையும். காற்றுப்பையின் சூட்சுமம் இவ்வளவே.

இதைக் கணக்காகப் பார்ப்போம். எதிர் முடுக்கத்தைக் காண, வேகத்தின் வர்க்கத்தை நிற்கும் தூரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் மார்பு தரையிலிருந்து ஏறத்தாழ 1.25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அந்த உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகம் பெற்றிருக்கும்.

மெத்தை எதுவும் இல்லாமல் 1 சென்டிமீட்டர் தூரத்தில் அவ்வுடல் நின்றால், எதிர் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 125 மடங்கு ஆகிறது. காற்றுப்பை அமுங்கி 5 சென்டிமீட்டர் தூரம் கொடுத்தால் அது 25 மடங்காகக் குறைகிறது. ஐந்தில் ஒரு பங்கு! விலா எலும்பு முறிவதற்கும் வெறும் வலியோடு எழுந்து நிற்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இது.

ஆய்வுக்கூடச் சோதனையும் இதனை உறுதி செய்கிறது. ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய சட்டைகளுக்கு 'இ.என். 1621-4' என்னும் தரவிதி உண்டு. 50 ஜூல் ஆற்றலுள்ள அடி, அதாவது 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டாற்போன்ற அடி, சட்டையின் மேல் விழும்போது மறுபுறம் கடந்து செல்லும் விசை எவ்வளவு என்று அளக்கிறார்கள். முதல்தரக் காற்றுப்பையில் அது சராசரியாக 4.5 கிலோ நியூட்டனுக்கு மிகக் கூடாது. உயர்தரத்தில் 2.5-க்கு மிகக் கூடாது. நுரையாலும் பிளாஸ்டிக்காலும் ஆன சாதாரண முதுகுக் காப்புக்கு இந்த எல்லைகள் முறையே 18-உம் 9-உம் ஆகும். ஆகவே காற்றுப்பை வெறும் விளம்பரம் அன்று. உண்மையிலேயே சிறந்த மெத்தை என்பதில் ஐயமில்லை. இருசக்கர வாகன விபத்துகளில் தலைக்கு அடுத்தபடி உயிருக்கு ஆபத்து விளைவிப்பது மார்புக் காயம் என்பதையும் எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

மெத்தையின் எல்லை

அப்படியானால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா? பொறுங்கள். அதே கணக்கை இன்னும் சற்று நீட்டிப் பார்ப்போம்.

மேலே கண்டது தரையில் விழும் உடலின் கணக்கு. ஓடும் வேகத்திலேயே மார்பு நேராக ஒரு மரத்தில் மோதுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகமானால், அதே 5 சென்டிமீட்டர் மெத்தையோடு எதிர் முடுக்கம் 100 மடங்கு. மணிக்கு 72 கி.மீ. ஆனால் 400 மடங்கு! வேகம் இரட்டித்தால் தாக்கம் நான்கு மடங்காகிறது. பையின் தடிப்போ கூடுவதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் மரத்திலோ லாரியிலோ நேராக மோதுபவரை எந்தச் சட்டையும் காக்காது.

நேரத்தின் கணக்கும் இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர், பை உப்புவதற்கு ஆகும் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் ஏறத்தாழ 1.7 மீட்டர் முன்னேறிவிடுகிறார். குறுக்கே வந்த காரின் பக்கத்தில் வண்டி மோதும்போது ஓட்டுபவரின் மார்புக்கும் காருக்கும் இடையே அவ்வளவு தூரமும் இருக்காது. வார் இழுபடுவதற்கு முன்பே மார்பு மோதிவிடக்கூடும். இவ்வகை மோதலில் மின்னணுச் சட்டைக்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு. வழுக்கி விழும்போதும், மோதிய பிறகு தூக்கி எறியப்பட்டுத் தரையில் விழும்போதும் இரு வகைகளும் நன்கு பயன்படும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பந்தய வீரர்கள் மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தில் விழுந்தும் எழுந்து நடக்கிறார்களே, எப்படி? 2013-இல் இத்தாலியின் முஜெல்லோ ஓடுதளத்தில் பயிற்சியின்போது ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ் மணிக்கு 330 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்து வண்டியை விட்டுக் குதித்தார். இரண்டு நாள் கழித்துப் பந்தயத்திலும் கலந்துகொண்டார்! அவருடைய உடையும் தலைக்கவசமும் துணை செய்தன என்பது உண்மை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அவர் எதிலும் நேராக மோதவில்லை. தரையில் சறுக்கிக்கொண்டே சென்றார். கிடைமட்ட வேகம் முழுவதும் சறுக்கலில் சிறுகச் சிறுகக் கரைந்தது. தரையில் அவரை மோதச் செய்தது விழுந்த உயரத்தின் வேகம் மட்டுமே. அது நாம் முதலில் கணக்கிட்ட வேகத்தைப் போன்றதுதான்.

பந்தய ஓடுதளத்தின் இருபுறமும் சறுக்குவதற்கென்றே புல்வெளியும் சரளைப் பரப்பும் விட்டிருக்கிறார்கள். நம் சாலையோரத்தில் என்ன இருக்கிறது? புளியமரம், மின்கம்பம், மைல்கல், பாலத்தின் கைப்பிடிச் சுவர், எதிரே வரும் பேருந்து! பந்தயத் திடலில் கிடைக்கும் பலன் முழுவதையும் அதே சட்டை நம் சாலையில் தரும் என்று எண்ணுவது தவறு.

இன்னும் ஒன்று. காற்றுப்பை கையையும் காலையும் காப்பதில்லை. தலையையும் காப்பதில்லை.

நம் நாட்டின் கணக்கு

இப்போது நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இந்த 50,029 பேரில் வண்டி ஓட்டியவர்கள் 35,692 பேர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள் 14,337 பேர்.

தோழியரே, இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று பாருங்கள். பின்னிருக்கை என்பது பெரும்பாலும் நம் இடம். நம் தாய்மாரின் இடம். 14,337-ஐ 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 39 வருகிறது. ஒரு வகுப்பறை நிறைய மாணவியர்! அப்பாவின் தலையில் கவசம் இருக்கிறது. பின்னால் புடவையோடு ஒருபக்கமாக அமர்ந்து, ஒரு கையில் குழந்தையைப் பிடித்திருக்கும் அம்மாவின் தலையில் பூச்சரம் மட்டுமே இருக்கிறது. சாலைக்கு இந்த வேறுபாடு தெரியுமா?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஓட்டுபவருக்கு மட்டுமன்றி உடன் செல்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேற்படக் கூடாது என்று தனி விதியும் வந்துள்ளது.

தலைக்கவசத்தின் பலன் எவ்வளவு? பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008-இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, விபத்துக்குள்ளானவருக்கு அது மரண ஆபத்தை 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்ற நம் பழமொழியை விஞ்ஞானம் எண்களாக எழுதிக் காட்டியிருக்கிறது.

யாருக்கு, எப்போது?

காற்றுப்பைச் சட்டையின் விலை சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். ஒருமுறை விரிந்தபின் வாயுக் குப்பியை மாற்ற வேண்டும்; அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல தலைக்கவசம் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆகவே ஒரு குடும்பம் பணத்தைச் செலவிட வேண்டிய வரிசையை நாம் இவ்வாறு கூறலாம்.

முதலாவதாக, வண்டியில் ஏறும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு கவசம். குழந்தைக்குக் குழந்தையின் அளவில். தாடைக்குக் கீழே வாரைப் பூட்டாவிட்டால் அது கவசம் அன்று, தொப்பி.

இரண்டாவதாக, வண்டிக்கு நல்ல டயரும் நல்ல பிரேக்கும். பின்சக்கரத்தில் புடவையும் தாவணியும் சிக்காதபடி தடுப்பு.

மூன்றாவதாக, ஓட்டுபவருக்கு மூடிய காலணி, கையுறை, தடித்த முழுக்கைச் சட்டை. காற்றுப்பை எட்டாத கைகால்களைச் சிராய்ப்பிலிருந்து காப்பவை இவைதான்.

இம்மூன்றும் நிறைவேறிய பிறகு பணம் இருந்தால், நான்காவதாகக் காற்றுப்பைச் சட்டை. அப்போது அது வீண் செலவு அன்று. நாள்தோறும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் செல்பவருக்கும், பந்தயப் பயிற்சி பெறுபவருக்கும் அது மிகவும் தகும். காலை முதல் இரவு வரை வண்டியிலேயே வீடுவீடாகப் பொருள் கொண்டு சேர்க்கும் தொழிலாளருக்கும், சாலைக் காவலருக்கும் அது மிகவும் தேவை. ஆனால் அவர்களுக்கு அதை வாங்கித் தரும் பொறுப்பு, அவர்களை வேலைக்கு அனுப்புபவர்களுடையது என்பதே நம் கருத்து. மழைக்கோட்டையும் பையையும் கொடுப்பவர்கள் உயிர்க்காவலையும் கொடுக்கலாம் அல்லவா?

வாங்குபவர்கள் தரவிதி எண்ணைப் பார்த்து, உடலுக்குப் பொருந்தும் அளவில் வாங்க வேண்டும். கயிற்று வகையானால் ஒவ்வொரு முறையும் வாரை மாட்ட வேண்டும். சித்திரை வெயிலில் புழுங்குகிறதென்று ஆணியில் தொங்கும் சட்டை யாரையும் காக்காது. வெயிலுக்கேற்ற, காற்றோட்டமுள்ள வலைத்துணிச் சட்டையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எல்லாவற்றிற்கும் மேலாக, சட்டை இருக்கிறதே என்ற துணிவில் வேகத்தைக் கூட்டுபவர் தாம் வாங்கிய காவலைத் தாமே விற்றுவிடுகிறார். 36 கி.மீ. 72 ஆனால் தாக்கம் நான்கு மடங்கு என்ற கணக்கை அண்ணன்மாருக்கு நாம்தான் எழுதிக் காட்ட வேண்டும். பயம் நீங்குமா என்று கேட்ட தாய்மாருக்கும் அதுவே பதில். சட்டை வேகத்தின் ஒரு பகுதியைத்தான் வாங்கிக்கொள்ளும்; மீதியை ஓட்டுபவரின் கைதான் குறைக்க வேண்டும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்வோம். நம் வீட்டு வண்டியில் ஏறும் தலைகள் எத்தனை? வீட்டில் உள்ள கவசங்கள் எத்தனை? இரண்டாவது எண் குறைவாக இருந்தால், காற்றுப்பைச் சட்டையைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு, குறைகிற கவசத்தை இந்த மாதமே வாங்கித் தரும்படி அப்பாவைக் கேட்போம். அது வந்து சேரும் வரை "எனக்கு வேண்டாம், பக்கத்தில்தானே போகிறோம்" என்று அம்மா சொன்னால் ஒப்புக்கொள்ளாமல் இருப்போம்.

— பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவியர்